துணை என்னும் சொல்: ஏதிலியர் உளநலமும் குழு ஆதரவின் நாற்பதாண்டு வரலாறும்

(நீண்ட பதிவு. புலம்பெயர்வு, சமூகப்பணி, உளவியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது.)

ஈழத்தமிழ் ஏதிலியரைப் பற்றிய ஆய்வுகளில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. 1983 ஜூலை முதல் 1987 ஜூலை வரை ஏறத்தாழ 1,34,000 பேரும், 1990இல் போர் மீண்டும் மூண்டதை ஒட்டி ஏறத்தாழ 1,22,000 பேரும் தமிழகக் கரையை அடைந்தனர் என்று அரசு அறிக்கைகள் கூறுகின்றன. எத்தனை முகாம், எத்தனை குடும்பம், எவ்வளவு உதவித்தொகை என்பவையும் அட்டவணைகளாகக் கிடைக்கின்றன. அவர்கள் சுமந்து வந்த துயரத்தை யாரிடம் இறக்கி வைத்தனர், அதைக் கேட்க யார் இருந்தனர் என்ற கேள்விக்கு அட்டவணை கிடையாது.

இக்கேள்விக்கு இன்று பொதுவாகக் கிடைக்கும் விடை, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன, 'உளசமூகப் பணி' என்ற துறை பிறந்தது என்பதாகும். இவ்விடை வரலாற்றுப் பிழை. ஏதிலியர் தமக்குள் குழுவாகக் கூடி ஒருவர் மனத்தை ஒருவர் தாங்கிய மரபு அதற்கு முன்பே முழு உருவம் பெற்றிருந்தது. அம்மரபு எங்கே வேரூன்றியது, எங்கே முறிந்தது, எங்கே தானே ஒரு சுமையாயிற்று என்பவற்றைப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. ஒரு கலைச்சொல்லின் சாட்சியம்

தமிழ்நாட்டில் 'மனநல ஆலோசனை' என்று நாம் குறிப்பிடுவதை இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்பர். ஆலோசனை என்பது அறிந்தவர் அறியாதவருக்கு வழங்குவது. துணை என்பது உடனிருப்பது. வழித்துணை, பேச்சுத்துணை என்பனபோல. அதிர்ச்சியின் நீடித்த தடத்திற்கு 'மனவடு' என்ற சொல்லும் அச்சூழலில்தான் நிலைபெற்றது. புண் ஆறலாம், வடு இருக்கும், வடுவோடு வாழ முடியும் என்ற பொருள் அதில் அடங்கியுள்ளது. இவை அகராதிக் குழுவொன்றின் மேசையில் மட்டும் உருவான சொற்கள் அல்ல. மருத்துவரும் ஆசிரியரும் தொண்டரும் போரின் நடுவே மக்களோடு பேச வேண்டியிருந்ததால் புழக்கத்தில் உறுதிப்பட்டவை. ஒரு துறையின் வரலாற்றை அதன் கலைச்சொற்களிலிருந்து தொடங்கலாம் என்பதற்கு இவை நல்ல சான்று.

2. ஒப்பாரிக் கோச்சி முதல் காந்தியம் வரை

தமிழ் ஏதிலியர் வரலாற்றை 1983இல் தொடங்குவது வழக்கம். மலையக மக்களை நினைவில் கொண்டால் அதனை 1964 அக்டோபர் 30க்கு நகர்த்த வேண்டும். அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் என்று ஆயினர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

இப்பெயரைக் கேலியாகவோ அலங்காரமாகவோ கொள்ளக்கூடாது. ஒப்பாரி என்பது இறந்தவருக்காகப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவரையொருவர் தழுவி, முறைவைத்துப் பாடும் குழுச் செயல். ஒருத்தி தன் இழப்பைச் சொல்லத் தொடங்கினால் அடுத்தவள் தன்னுடையதைச் சேர்ப்பாள். துயரம் தனிச் சொத்தாக இராமல் பொதுவாகும். உயிரோடிருப்பவரை வழியனுப்பவும் அதே வடிவத்தை மக்கள் எடுத்தாண்டனர் என்பதே அப்பெயர் தரும் செய்தி. ஆனால் அழுது முடித்தபின் அவ்வட்டம் கலைந்தது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்க் காடுகளுக்கும், தமிழக மாவட்டங்கள் பலவற்றுக்கும் அம்மக்கள் பிரிந்து சென்றனர். மறுவாழ்வுத் திட்டங்கள் வேலையையும் வீட்டையும் கணக்கிட்டன. யார் யாரோடு சேர்ந்து வாழ்ந்தவர் என்பதை அவை கணக்கிடவில்லை.

1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கே வவுனியாப் பகுதிக்குத் தஞ்சம் தேடி வந்தோரிடையே இதற்கு மாறான ஒரு முயற்சி நிகழ்ந்தது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம், வந்தவர்களைப் பண்ணைக் குடியிருப்புகளில் குழுக்களாகக் குடியமர்த்தியது; முன்பள்ளிகளை நிறுவியது; குழந்தைகளின் ஊட்டத்தைக் கவனித்தது. 'உளநலம்' என்ற சொல்லை அவர்கள் முன்வைக்கவில்லை. ஆயினும் பிடுங்கப்பட்ட ஒரு சமூகத்திற்கு நிலம், பள்ளி, அண்டை வீடு ஆகியவற்றைச் சேர்த்தே தரவேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். குழு ஆதரவு என்பது அரசின் கண்ணில் எப்போதும் அரசியலே என்பதை இந்த முதல் அத்தியாயமே காட்டிவிட்டது.

3. யாழ்ப்பாணம்: மருத்துவமனைக்கு வெளியே

1987இல் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் தோன்றியது. அக்காலத்தில் வடக்கு முழுவதற்கும் உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவரையும் மருத்துவர் முன் அமர்த்துவது கணக்கிலேயே இயலாத செயல். எனவே ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், மதகுருமார், நாட்டு வைத்தியர், தொண்டர் ஆகியோருக்கு அடிப்படை உளநலப் பயிற்சி அளிக்கும் வழி வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் 1996இல் ஏதிலியர் உளநலம் குறித்து ஒரு கையேட்டை வெளியிட்டன. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சா. சிவயோகனும் அதனைத் தமிழ்ச் சமூகத்துக்கேற்ப மாற்றி அமைத்தனர். 2000இல் சாந்திகம் அதனை வெளியிட்டது.

அத்தழுவலின் பின்னே இருந்த சிந்தனை கவனத்திற்குரியது. மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகளை அவர்கள் மக்களிடம் ஏற்கெனவே இருந்த பழக்கங்களிலிருந்து எடுத்தனர்: சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. மூச்சும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலியும் இவை அனைத்துக்கும் பொது. மருத்துவம் தெரிந்ததைத்தான் மக்கள் வேறு பெயரில் செய்துவந்தனர் என்ற அடக்கம் அங்கே இருந்தது.

1995 அக்டோபர் 30 இரவு அந்த அமைப்பின் முழு வலிமையையும் சோதித்தது. வலிகாமம் இடப்பெயர்வில் லட்சக்கணக்கான மக்கள் மழையில், ஒரே பாதையில், தென்மராட்சியை நோக்கி நடந்தனர். தொண்டர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நடந்தனர். உதவி செய்பவரும் உதவி பெறுபவரும் ஒரே இரவில் ஒரே நிலைக்கு வருவது மேலைநாட்டு உளமருத்துவம் எதிர்பார்க்காத சூழல். சோமசுந்தரத்தின் பிற்காலக் கோட்பாடு இத்தகைய அனுபவங்களின் மேல் எழுந்தது. 1998இல் வந்த அவரது முதல் நூல் தனிமனித மனங்களின் வடுவைப் பேசியது. 2014இல் வந்த நூல் சமூகங்களின் வடுவைப் பேசியது. இடையில், 2007இல் எழுதிய கட்டுரையில், 'கூட்டு மனவடு' என்ற கருத்தை வடஇலங்கையை முன்வைத்து விரித்தார். குடும்பமும் ஊரும் சிதைவதே ஒரு தனி நோய். தனிமனிதரின் அறிகுறிகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் அது புலப்படாது என்பது அதன் சாரம். பரிகாரமும் குடும்பம், ஊர் என்ற மட்டங்களிலேயே அமைய வேண்டும்.

இதே காலத்தில் அரங்கமும் ஒரு குழு மருந்தாயிற்று. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போர் உண்டாக்கும் மனச்சிதைவையே பொருளாகக் கொண்ட நாடகம். க. சிதம்பரநாதன் வழிநடத்திய அரங்கச் செயற்பாட்டுக் குழு, பார்வையாளரையே பங்கேற்பாளராக்கும் பட்டறைகளை நடத்தியது. வாய்விட்டுச் சொல்ல இயலாததை உடலால் காட்ட அவை இடம் தந்தன.

4. கிழக்கு: பெண்களும் குழந்தைகளும் அம்மனும்

1991இல், போரால் இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் தங்கிய வடகிழக்குப் பெண்களுக்கு ஆதரவாக உருவாகிப் பின் மட்டக்களப்பில் வேரூன்றியது சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம். சட்ட உதவி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஆதரவு, பாட்டு, நாடகம் ஆகியவை அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1996இல் மட்டக்களப்பில் தோன்றிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் ஊர்களின் குழந்தைகளை ஒன்றாக அழைத்து விளையாடவும் கதைபுனையவும் விட்டது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் தொடக்கத்தில் இருந்தனர். பெரியவர்கள் ஒருவரையொருவர் அஞ்சிய காலத்தில் குழந்தைகளின் குழு இன எல்லையைக் கடந்தது.

இவற்றினும் பழைய ஒரு நிறுவனமும் கிழக்கில் செயல்பட்டது. காணாமற்போன மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கக் காவல் நிலையமும் இராணுவ முகாமும் கதவடைத்த நாட்களில், தாய்மார் அம்மன் கோயில்களுக்குச் சென்று தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்டனர். மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். பகிரங்கமாகப் பேச முடியாத இழப்பு அங்கே ஊரார் முன்னிலையில் பேசப்பட்டது என்பதே இதன் முக்கியத்துவம். மூடநம்பிக்கை என்று தள்ளுவோர், அன்று அத்தாய்மாருக்கு வேறெந்த அவை திறந்திருந்தது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

உடல் கிடைக்காத மரணம் சடங்கின் ஒழுங்கையும் முறித்துவிடுகிறது. எட்டும் முப்பத்தொன்றும் அந்தியேட்டியும் எந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும்? பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? உளவியலாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்ட நிலை இதுவே. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவினரின் தொடர் போராட்டத்தை அரசியல் ஆய்வாளர் நீதிக்கான போராட்டமாகக் காண்பர். அது உண்மை. அதே பந்தல், ஒரே இழப்பைச் சுமப்போர் நாள்தோறும் ஒன்றாக அமரும் இடமாகவும் இருந்தது. நீதி கேட்பதும் ஆற்றுப்படுவதும் அங்கே இரண்டு செயல்கள் அல்ல.

5. தமிழக முகாம்கள்: பதிவேடும் உளநலமும்

மண்டபம் முகாமின் வரலாறே ஒரு பாடம். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம் அது. அதே இடம் பின்னர் திரும்பி வந்தோரையும், 1983க்குப் பின் தப்பி வந்தோரையும் வரவேற்றது.

1984இல் சா. செ. சந்திரகாசனின் தலைமையில் ஈழ ஏதிலியரே தொடங்கியது 'ஒஃபர்' என்று அறியப்படும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அதன் தனித்தன்மை பணியாளர்களிடம் இருந்தது. முகாமில் வாழும் இளைஞரும் பெண்களுமே பயிற்சி பெற்று அதே முகாம்களில் ஆசிரியராக, சுகாதாரத் தொண்டராக, உளவளத்துணையாளராகப் பணியாற்றினர். பெண்கள் குழுக்கள் சேமிப்பைத் தொடங்கின. மாலைநேர வகுப்புகள் நடந்தன. உதவி பெறுபவர் என்ற ஒற்றை அடையாளத்திலிருந்து ஒருவர் விடுபட்டு, இன்னொருவருக்குப் பயன்படுபவராக மாறுவதே பல ஏதிலியருக்கு முதல் ஆறுதலாயிற்று.

இக்கழகம் செய்த மற்றொரு பணியை உளநலப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. முகாம்களில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைப் பதிவு செய்து, இலங்கைத் தூதரகச் சான்றிதழ் பெற்றுத் தரும் பணி அது. நாடற்ற குழந்தையின் தாய்க்கு இருக்கும் அச்சத்தைப் பேச்சால் மட்டும் தணிக்க இயலாது. அத்தாளைப் பெற்றுத் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் நிலைமை மாறியது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உயர்கல்வி இடஒதுக்கீடு பறிக்கப்பட்டு 1996க்குப் பிறகே மீண்டது. கியூ பிரிவின் கண்காணிப்பும், உதவித்தொகை நாளில் குடும்பத்தோடு வந்து நிற்க வேண்டிய கணக்கெடுப்பும் வாழ்க்கையின் ஒழுங்காயின. கூடிப் பேசுவதே ஐயத்திற்குரியது என்றானபின் குழு ஆதரவு எப்படி இயங்கும்? 1951 அகதிகள் சாசனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் இடம்பெறவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ₹317.40 கோடித் திட்டத்தை அறிவித்து, முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். புதிய வீடுகள் மெய்யான முன்னேற்றம். ஆனால் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணம் முடித்து, பிள்ளை பெற்றவரும் இன்னும் அயலார் என்றே பதிவாகிறார்.

6. குழுவின் மறுபக்கம்

இதுவரை சொன்னவற்றால் குழு என்றாலே நன்மை என்ற எண்ணம் எழுமாயின் அது தவறு. குழு சிலரை மௌனமாக்கும். தம் இனத்தின் ஆயுதக் குழுக்களாலேயே துன்புற்றோர் அதே இனத்தாரின் வட்டத்தில் அதனைச் சொல்ல முடியவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று ராஜினி திராணகம கொல்லப்பட்டார். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் அவர் ஒருவர், தயா சோமசுந்தரம் மற்றொருவர். உண்மையைப் பதிவு செய்வதன் விலையை இத்துறை தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களின் துயரம், தமிழ் ஏதிலியர் பற்றிய நம் கட்டுரைகளில் இன்றும் அடிக்குறிப்பாகவே வருகிறது. புத்தளம் முகாம்களில் அவர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட ஆதரவு வலைகளைத் தமிழில் எழுதுவது இன்னும் எஞ்சியுள்ள கடமை. சாதியும் குடும்ப வன்முறையும் முகாமின் வட்டத்துக்குள்ளும் நுழைந்தன. 'குடும்ப மானம்' என்ற பெயரில் பெண் அடக்கப்படும் இடத்தில், குழு அவளுக்குத் துணையா காவலா என்று கேட்க வேண்டும்.

சர்வதேச நிறுவனங்கள் 2007இல் வகுத்த நெருக்கடிக்கால உளநல வழிகாட்டி இதனை நான்கு அடுக்குக் கூம்பாக வரைந்தது. அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதன்மேல் குடும்ப, சமூக ஆதரவு, அதற்குமேல் பயிற்சி பெற்ற தொண்டரின் உதவி, உச்சியில் மருத்துவர். வரிசை இங்கே முக்கியம். 2009இல் முள்வேலிக்குள் இருந்த மெனிக் பாம் முகாமில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அடைபட்டபோது, அடித்தளமே இல்லாத இடத்தில் இரண்டாம் அடுக்கை எழுப்பச் சொன்னார்கள். வெளியே போகும் உரிமை மறுக்கப்பட்டவருக்குக் கூடிப் பேசும் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும்?

7. நந்திதுர்க்கிலிருந்து பார்க்கும்போது

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியிலிருந்து இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ளோர் ஏதிலியர் அல்லர். அச்சட்டச் சொல்லை இங்கே பொருத்துவது இரு தரப்புக்கும் அநீதி. ஆயினும் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த மக்கள் சுரங்க 'லைன்'களில் ஒரு சமூகத்தைக் கட்டினர். மலையகத்தின் 'லயம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் மூலம் ஒன்றே. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தென்னிந்திய பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. அயோத்திதாசரின் எழுத்துகள் இங்கிருந்து மறுபதிப்புப் பெற்றன. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து மூன்று வாரம் நடந்த வேலைநிறுத்தம், பெயர்பெற்ற தலைவர் எவரும் இன்றியே இம்மக்கள் கூடி முடிவெடுக்க வல்லவர் என்பதைக் காட்டியது. நிலத்தடியில் பாறை வெடித்து ஒருவர் இறந்தால் லைன் முழுதும் அந்த வீட்டு வாசலில் அமர்ந்தது.

2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர். சுரங்க மருத்துவமனையும் மூடப்பட்டது. மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்படவில்லை. ஊர்தான் அவர்களைச் சுற்றியிருந்து விலகியது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவோருக்குச் சங்கத்தில் அமரவும் இழவு வீட்டில் இரவு தங்கவும் நேரம் இல்லை. இழப்பீட்டுக் கணக்கில் ஓய்வூதியமும் வீட்டுரிமையும் வந்தன. கலைந்துபோன கூட்டுவாழ்வுக்கு அக்கணக்கில் தலைப்பே இல்லை. ஒப்பாரிக் கோச்சிக்குப் பிந்தைய மறுவாழ்வுத் திட்டங்கள் எதைக் கணக்கிட மறந்தனவோ, அதையே இதுவும் மறந்தது.

8. ஆய்வாளர் செய்ய வேண்டுவது

இவ்வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, குழு ஆதரவு தமிழ்ச் சமூகத்துக்கு இறக்குமதி அல்ல. அதற்குச் சொற்களும் சடங்குகளும் நிறுவனங்களும் இங்கேயே உண்டு. இரண்டாவது, அது மருத்துவருக்கு மலிவான மாற்றும் அல்ல. கடும் மனநோய்க்கு ஆளானவரை உரிய சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பதும் நல்ல குழுவின் பணியே. மூன்றாவது, கூடும் சுதந்திரமும் குடியுரிமையும் இல்லாத இடத்தில் குழு நெடுநாள் தாங்காது. உளநலத் திட்டத்தைப் பரிந்துரைக்கும் ஆய்வறிக்கை குடியுரிமை பற்றி ஒரு வரியும் எழுதாவிட்டால், அது பாதி அறிக்கையே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாம்களில் முதல் தலைமுறை உளவளத்துணையாளராகப் பணியாற்றியோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்களின் குறிப்பேடுகளும் நினைவுகளும் எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லை. கேள்விப்பட்டியலோடு சென்று அறிகுறிகளை எண்ணும் ஆய்வுகள் போதுமான அளவு நடந்துவிட்டன. அவர்கள் யாரோடு அமர்ந்தார்கள், என்ன கேட்டார்கள், எதைக் கேட்டும் எழுதாமல் விட்டார்கள் என்பதைப் பதிவு செய்யச் செல்லுங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். நிறுத்தச் சொன்னால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். அவர்கள் கற்றுத்தந்த முறையும் அதுவே.